நிஜ ரயில்பாதை போலத் தோன்றும் மாதிரிப் பாதை: வரைபடம் போடத் தொடங்குபவர்களுக்கு

மாதிரி ரயில் செட் ஒன்றை வாங்கியதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். உள்ளே இருக்கும் வளைவுத் துண்டுகளைக் கோத்து ஒரு முட்டை வடிவ வட்டம் போடுவார்கள். அதற்குள் இன்னொரு வட்டம், நடுவில் இரண்டு சைடிங், மூலையில் ஒரு சுரங்கம் என்று சில வாரங்களில் பலகை நிரம்பிவிடும். இன்ஜின் அழகாக இருக்கும், பெட்டிகளில் ஜன்னல் கம்பி வரை நுணுக்கம் இருக்கும். ஆனாலும் பார்க்கிற கண்ணுக்கு அது பொம்மையாகவே தெரியும். குறை இன்ஜினில் இல்லை, பாதையில்தான்.

நிஜ ரயில்வேயில் காரணமில்லாமல் ஒரு மீட்டர் தண்டவாளம்கூடப் போடமாட்டார்கள். போடவும் செலவு, பராமரிக்கவும் செலவு. ஓர் இடத்தில் லூப் லைன் இருக்கிறது என்றால், அங்கே ஒரு ரயில் இன்னொரு ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. சைடிங் இருந்தால் அதன் முடிவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ யாரோ காத்திருக்கிறார்கள். பாதை வளைந்தால் அங்கே ஆறோ மலையோ குறுக்கிடுகிறது. மாதிரிப் பாதை வரையும்போதும் ஒவ்வொரு துண்டையும் பார்த்து 'இது எதற்கு?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காத துண்டை எடுத்துவிடுங்கள். பாதி தண்டவாளம் குறைந்துபோகும், அமைப்பு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

முதலில் வேலை, பிறகு வடிவம்

பென்சிலை எடுப்பதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். இது ஒற்றைப் பாதையா, இரட்டைப் பாதையா? நடுவழி ஸ்டேஷனா, பாதை முடியும் கடைசி ஸ்டேஷனா? என்னென்ன ரயில் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம்? சரக்கு எங்கிருந்து வந்து எங்கே போகிறது? அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் ஆம்ஸ்ட்ராங் இதை இரண்டு பட்டியலாகப் பிரிக்கச் சொன்னார். மாற்ற முடியாதவை ஒன்றில்: அறையின் அளவு, கதவு திறக்கும் திசை, ஜன்னல், தூண். விருப்பங்கள் மற்றொன்றில்: நீராவி இன்ஜின், மலைப்பாதை, வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு. இரண்டாவது பட்டியல் எப்போதும் முதல் பட்டியலுக்குள் அடங்காது. எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் காகிதத்திலேயே முடிவு செய்தால் பலகையும் தண்டவாளமும் வீணாகாது.

நிஜ ஸ்டேஷன் ஒன்றின் பாதை வரைபடத்தையோ வான்படத்தையோ எதிரில் வைத்துக்கொண்டு வேலை செய்வது மிகவும் நல்லது. அப்படியே நகலெடுக்க இடம் போதாது. எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், ஒரு கிலோமீட்டர் 11.5 மீட்டராகிறது. நிஜத்தில் 600 மீட்டர் நீளமுள்ள சரக்கு ரயில் ஏறக்குறைய 7 மீட்டர் வரும். அதனால் நீளத்தைத்தான் சுருக்க வேண்டும், அமைப்பின் தர்க்கத்தைச் சுருக்கக் கூடாது. பத்துப் பெட்டி ரயிலை நான்காக்கலாம், ஆறு சைடிங்கை இரண்டாக்கலாம். ஆனால் எந்தப் பாயிண்ட் (ஒரு தடம் இரண்டாகப் பிரியும் அமைப்பு) எந்தப் பக்கம் பார்த்துத் திறக்கிறது, எந்த லைன் எதிலிருந்து பிரிகிறது என்பது நிஜத்தில் இருப்பது போலவே இருக்கட்டும்.

இதற்கு ஓர் உதாரணம். இரட்டைப் பாதையில், வேகமாக வரும் ரயில் பாயிண்டில் இப்படியும் அப்படியும் நகரும் நாக்குத் தண்டவாளத்தை நேருக்கு நேர் சந்திக்கும்படி வைப்பதைப் பழைய ரயில்வேக்கள், குறிப்பாக பிரிட்டனில், முடிந்தவரை தவிர்த்தன. நாக்கு சரியாக ஒட்டாமல் இருந்தால் ரயில் இரண்டாகப் பிரிந்து தடம் புரளும் என்பதே காரணம். ஆகவே சரக்கு சைடிங்குக்குப் போகும் ரயில், பாயிண்டைத் தாண்டிப் போய் நின்று, பின்னோக்கித் தள்ளி உள்ளே போகும். அந்தக் காலத்தைக் காட்டும் அமைப்பில் இந்த ஒரு விஷயத்தைச் சரியாக வைத்தால் போதும், ரயில்வே தெரிந்தவர் பார்த்த உடனே கண்டுகொள்வார்.

அளவுகள்

எச்.ஓ. அளவில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டனில் பரவலான ஓ.ஓ. அளவும் இதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது, வண்டிகள் மட்டும் 1:76. 'என்' (N) எனப்படும் இன்னும் சிறிய அளவு 1:160, பாதை 9 மி.மீ. கீழே வரும் கணக்குகள் எல்லாம் எச்.ஓ. அளவுக்கானவை. 'என்' அளவுக்கு வேண்டுமானால் 0.54-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கை நீட்டும் தூரத்தை மட்டும் இப்படிச் சுருக்க முடியாது. எந்த அளவானாலும் பலகையின் ஓரத்திலிருந்து 600 மி.மீ. வரைதான் வசதியாக எட்டும். 750-க்கு மேல் போனால் முன்னால் இருக்கும் மரத்தையும் கம்பத்தையும் முழங்கை உடைத்துவிடும். பாயிண்டுகளையும் வண்டியைக் கழற்றி மாட்டும் இடங்களையும் அந்த 600-க்குள் வையுங்கள்.

வளைவு

நிஜத்தில் 300 மீட்டர் ஆரம் என்பது இறுக்கமான வளைவு. அதை எச்.ஓ.வில் அப்படியே வைத்தால் 3.45 மீட்டர் ஆரம் வேண்டும், அறை முழுவதும் அதற்கே போய்விடும். எனவே எல்லோரும் ஏமாற்றத்தான் வேண்டும். எவ்வளவு ஏமாற்றலாம் என்பதற்கு அனுபவத்தில் தேறிய கணக்கு ஒன்று உண்டு. உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியின் நீளத்தைப் போல் 2 மடங்கு ஆரம் என்பது கடைசி எல்லை. 2.5 மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம். 3 மடங்குக்கு மேல் போனால்தான் கண்ணுக்கு ஓரளவு நன்றாக இருக்கும். 300 மி.மீ. நீளமுள்ள பெரிய பயணிகள் பெட்டி என்றால் 600, 750, 900 என்று வரும். 100 மி.மீ. வேகன்களும் சின்ன இன்ஜினும் மட்டுமே ஓடுகிற கிளைப்பாதைக்கு 450-கூட உறுத்தாது. இடம் குறைவாக இருந்தால் சின்ன வண்டிகள் ஓடும் காலத்தையும் கிளைப்பாதையையும் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான். இறுக்கமான வளைவு தவிர்க்க முடியாதது என்றால் அதைக் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குத் தள்ளிவிடுங்கள், மரங்களுக்கோ கட்டடங்களுக்கோ பின்னால்.

வளைவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காகிதத்தில் தெரியாது, ரயில் ஓட்டும்போதுதான் தெரியும். நீளமான பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உள்பக்கமாகவும் முனைகள் வெளிப்பக்கமாகவும் பிதுங்கும். நடுப்பகுதி எவ்வளவு பிதுங்கும் என்று பார்க்க, பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை வர்க்கமாக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். முனைகளுக்கு, பெட்டி நீளத்தின் வர்க்கத்திலிருந்து அந்தப் போகித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, அதே போல வகுக்க வேண்டும். 300 மி.மீ. பெட்டி, போகி மையத் தூரம் 218 மி.மீ., ஆரம் 600 என்று வைத்துக்கொண்டால் நடுப்பகுதி ஏறக்குறைய 10 மி.மீ., முனைகள் 9 மி.மீ. பிதுங்குகின்றன.

இப்போது இரட்டைப் பாதையை எடுத்துக்கொள்வோம். நேர்ப்பாதையில் மையத்துக்கு மையம் 50 மி.மீ. விட்டால் போதும். பெட்டியின் அகலம் 34 என்றால் நடுவே 16 மி.மீ. காற்று இருக்கிறது. அதே 50-ஐ 600, 650 ஆர வளைவுகளிலும் வைத்தால், வெளிப்பாதைப் பெட்டியின் வயிறு 9 மி.மீ. உள்ளே வர, உள்பாதைப் பெட்டியின் முனை 9 மி.மீ. வெளியே வருகிறது. மொத்தம் 18. இருப்பதோ 16. இரண்டு ரயில்களும் உரசிவிடும். வளைவில் 60 மி.மீ. விட்டால் பிரச்சினை தீர்ந்தது. பிளாட்ஃபார ஓரம், சிக்னல் கம்பம், சுரங்கத்தின் வாய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். வளைந்த பிளாட்ஃபாரம் அழகுதான், ஆனால் ரயிலுக்கும் அதற்கும் நடுவே விழும் பள்ளம் அந்த அழகைக் கெடுத்துவிடும்.

நேர்ப்பாதை திடீரென்று முழு வளைவாக மாறுவது பொம்மை ரயிலில் மட்டும்தான். நிஜத்தில் வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். கையால் வளைக்கக்கூடிய 'வளையும் தண்டவாளத்தில்' இதைச் செய்வது சுலபம். வட்ட வளைவை, நேர்ப்பாதையின் கோட்டைத் தொடாமல் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்து, இரண்டையும் ஒரு மெல்லிய மரச்சட்டத்தால் இணையுங்கள். சட்டம் தானாக வளைந்து நிற்கும் கோடுதான் உங்களுக்கு வேண்டிய கோடு. எவ்வளவு தள்ளுவது? நேர்ப்பாதை வளைவாக மாறும் பகுதியின், அதாவது மாறுபகுதியின், நீளத்தை வர்க்கமாக்கி, ஆரத்தின் 24 மடங்கால் வகுத்தால் வரும். 400 மி.மீ. மாறுபகுதி, 610 ஆரம் என்றால் 11 மி.மீ. இந்த 11 மி.மீ. செய்யும் வேலை பெரிது. பெட்டிகள் வெட்டென்று தலைதிருப்பாமல் வழுக்கிக்கொண்டு வளைவுக்குள் நுழையும். அறையில் இதற்காக இழக்கும் இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. எந்த வரைபடத்திலும் இதைத் தவறவிடாதீர்கள்.

இடப்பக்க வளைவு முடிந்த கையோடு வலப்பக்க வளைவு தொடங்குவது ரயில் தடம் புரள மிகப் பொதுவான காரணம். அந்த இடத்தில் ஒரு பெட்டியின் முனை ஒரு பக்கமும் அடுத்த பெட்டியின் முனை எதிர்ப்பக்கமும் பிதுங்கி நிற்கும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் பக்கவாட்டில் இழுக்க, எடை குறைந்த வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். பின்னோக்கித் தள்ளும்போது இன்னும் மோசம். இரண்டு வளைவுகளுக்கும் நடுவே மிக நீளமான வண்டியின் நீளமாவது நேர்ப்பாதை விடுங்கள். ஒரு லைனிலிருந்து பக்கத்து லைனுக்கு மாற்ற இரண்டு பாயிண்டுகளை முதுகோடு முதுகாகச் சேர்க்கும்போதும் இதே எதிர் வளைவு உருவாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீளப் பெட்டிகள் கடக்கும் இடத்தில் அங்கே பெரிய ஆரப் பாயிண்டுகளையே போடுங்கள்.

பாயிண்ட்: காகிதத்தில் சின்னது, பலகையில் பெரியது

கையால் வரைந்த படங்கள் பலகையில் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் பாயிண்டுதான். பென்சிலால் வரையும்போது ஒரு சின்ன 'ஒய்' போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். நிஜத்தில் பெக்கோ நிறுவனத்தின் எச்.ஓ. நடுத்தரப் பாயிண்ட் 914 மி.மீ. ஆரம், ஏறக்குறைய 220 மி.மீ. நீளம், 12 டிகிரி பிரிவு. சின்னது 610 ஆரம், பெரியது 1524 ஆரம், அவற்றிலும் பிரியும் கோணம் அதே 12 டிகிரிதான். கோணம் ஒன்றாக இருப்பதால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பது சுலபம். வட அமெரிக்கப் பாணியில் எண் சொல்வார்கள். 6-ஆம் எண் என்றால் 6 அலகு போனால் 1 அலகு விலகும், கோணம் சுமார் 9.5 டிகிரி. எண் கூடக் கூடப் பிரிவு நளினமாகும், நீளமும் கூடும். மெயின் லைனில் பெரியவை, யார்டில் நடுத்தரமானவை, தொழிற்சாலை சைடிங்கில் சின்னவை என்று வைப்பது நிஜத்தின் வழக்கத்தோடும் ஒத்துப்போகிறது.

யார்டில் லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிகிற ஏணியின் கணக்கைப் பாருங்கள். 12 டிகிரிப் பாயிண்ட், லைன்களுக்கு இடையே 50 மி.மீ. என்றால் ஒவ்வொரு லைனும் முந்தையதைவிட 235 மி.மீ. தள்ளித்தான் தொடங்கும். ஐந்து லைன் யார்டில் கடைசி லைன் தொடங்குவதற்குள் சுமார் 940 மி.மீ. ஏணிக்கே போய்விடும். 6-ஆம் எண்ணுக்கு அது 1200. மூன்று மீட்டர் பலகையில் ஐந்து லைன் யார்டு போட்டால் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏணிக்கே போய்விடும். மூன்று லைன் போடுங்கள். கடைசி லைனும் நீளமாகக் கிடைக்கும், செலவும் குறையும்.

யார்டில் அடிக்கடி மறந்துபோவது ஷண்டிங் நெக். வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து, பாயிண்டைத் தாண்டி, மறுபடி தள்ளுவதற்கு ஒரு தனி லைன் வேண்டும். அது யார்டின் மிக நீளமான லைன் அளவுக்கு இருப்பது நல்லது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை வண்டி பிரிக்கும்போதும் இன்ஜின் மெயின் லைனுக்கு வந்து நிற்கும், அதுவரை வேறு எந்த ரயிலும் அசைய முடியாது.

இடமே இல்லாதவர்களுக்கு பிரிட்டனின் ஆலன் ரைட் உருவாக்கிய இங்கிள்நுக் அமைப்பு ஒரு வரப்பிரசாதம். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன் நிற்க இடம் உண்டு. நெக்கில் இன்ஜினும் 3 வேகனும். ஆட்டத்தில் பயன்படுத்துவது மொத்தம் 8 வேகன்கள்தான். அவற்றில் 5-ஐச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். அப்படி 6,720 வரிசைகள் சாத்தியம். 100 மி.மீ. வேகன்கள், 170 மி.மீ. இன்ஜின், சின்னப் பாயிண்டுகள் என்றால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த ஆட்டம் முழுக்க முழுக்க நீளங்களைத்தான் நம்பியிருக்கிறது. நெக்கில் 4 வேகன் பிடித்தால் ஆட்டம் சப்பென்று போகும், 2 பிடித்தால் முடங்கிவிடும்.

ஒரு சின்ன ஸ்டேஷனை அளந்து பார்ப்போம்

2400 மி.மீ. நீளப் பலகையில் ஒரு கடைசி ஸ்டேஷன். இன்ஜின் 170 மி.மீ., பெட்டி ஒவ்வொன்றும் 230 மி.மீ., மூன்று பெட்டிகள். ரயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, இடப்பக்க முனையில் பஃபர், அதாவது பாதை முடியும் இடத்தில் உள்ள தடுப்பு. இன்ஜின் கழன்று, லூப் வழியாகச் சுற்றி, ரயிலின் மறுமுனையில் வந்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

பஃபரிலிருந்து தொடங்குவோம். இன்ஜின் முழுவதும் பாயிண்டைத் தாண்டி நிற்க 170-ஓடு 50 சேர்த்து 220. அடுத்து பாயிண்ட், 220. பாயிண்ட் முடிந்த இடத்தில் இரண்டு லைன்களுக்கும் நடுவே 25 மி.மீ.தான் இருக்கும். பக்கத்து லைனில் போகும் வண்டி இடிக்காத அளவுக்கு விலக இன்னும் 100 மி.மீ. வேண்டும், அங்கேதான் ஃபவுலிங் மார்க். பிறகு மூன்று பெட்டிகளுக்கு 690, கொஞ்சம் தாராளமாக 750. மறுபுறம் மறுபடி 100, மறுபடி பாயிண்ட் 220. கூட்டினால் 1610. வலப்பக்கம் 790 மி.மீ. மிஞ்சுகிறது.

வலக்கோடிப் பாயிண்டை ஒட்டி லூப் லைனிலிருந்து ஒரு சரக்கு சைடிங்கை இடப்பக்கமாகப் பிரிப்போம். நான்கு வேகன் சரக்கு வண்டி வந்ததும் இன்ஜின் லூப்பில் சுற்றி வலப்பக்கம் வந்து, வேகன்களை வலப்பக்கமாக இழுத்து, பாயிண்டுகளைத் தாண்டி நின்று, பிறகு சைடிங்குக்குள் தள்ளும். அப்படி நிற்க 170-ஓடு 400, ஆக 570 மி.மீ. தேவை. மிஞ்சியிருக்கும் 790 தாராளமாகப் போதும். வலக்கோடியில் ஒரு சாலை மேம்பாலத்தை வைத்தால் இந்த ஷண்டிங் முழுவதும் பாலத்துக்கு முன்னாலேயே, பார்வையிலேயே நடக்கும்.

இந்த அமைப்பில் எல்லோரும் பிழை செய்யும் இடம் பஃபர் அருகே உள்ள அந்த 220 மி.மீ. துண்டு. பிளாட்ஃபாரம் நீளமாகத் தெரிய வேண்டும் என்று அதை 150 ஆக்கிவிடுவார்கள். இன்ஜினின் கடைசிச் சக்கரம் நாக்குத் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிடும். பாயிண்டைத் திருப்ப முடியாது, இன்ஜின் உள்ளேயே சிறைப்படும். பின்னால் ஒரு பெரிய இன்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் அதன் நீளத்துக்கே இப்போதே கணக்குப் போடுங்கள்.

ஏற்றம்

ஒரு பாதை இன்னொன்றின் மேல் பாலத்தில் போவது எல்லோருக்கும் பிடிக்கும். அதன் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கீழே போகும் தண்டவாளத்தின் மேல் 75 மி.மீ. இடைவெளி, பாலத்தின் தடிமன், மேல் தண்டவாளத்தின் உயரம் எல்லாம் சேர்த்து 90 மி.மீ. ஏற வேண்டும். 50-க்கு 1 என்ற ஏற்றத்தில், அதாவது 2 சதவீதத்தில், அதற்கு 4.5 மீட்டர் ஓட்டம் தேவை. இறங்க இன்னொரு 4.5 மீட்டர். மேல்கம்பி மின்பாதை என்றால் இன்னும் அதிகம். ஒரு பாதையை 45 ஏற்றி, மற்றதை 45 இறக்கினால் தூரம் பாதியாகும்.

4 சதவீதம் என்று அவசரப்பட்டால் சில பெட்டிகளுக்கே இன்ஜின் வழுக்கக்கூடும். ஏற்றத்தில் வளைவும் சேர்ந்தால் உராய்வு கூடுகிறது. 600 ஆர வளைவு, 1 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல் ஏற்றம் போலவே இன்ஜினை இழுக்கும். சமதளத்திலிருந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில் முறிவு இருந்தால் கப்ளிங் கழலும், இன்ஜினின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஒட்டுப்பலகையை இரண்டு மூன்று தாங்கிகளுக்கு இடையே தானாக வளைய விட்டால் அந்த இடம் மென்மையாகிவிடும். பாயிண்டுகள் சமதளத்திலேயே இருக்கட்டும்.

நிலம் முதலில் வந்தது

நிஜ உலகில் ஆறும் குன்றும் முதலில், பாதை பிறகு. மாதிரியில் நாம் தலைகீழாகச் செய்கிறோம்: தண்டவாளத்தைப் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் குன்றை ஒட்டுகிறோம். அதனால்தான் ஒரு கையளவு மண்மேட்டுக்குச் சுரங்கம் தோண்டியது போலத் தெரிகிறது. அந்த மேட்டைச் சுற்றிப் போயிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். வரைபடத்திலேயே நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் நீரோட்டத்தையும் முதலில் குறியுங்கள். பிறகு பாதை அதில் எப்படி வழி தேடும் என்று பாருங்கள். மேட்டை வெட்டிக்கொண்டு போகும், பள்ளத்தில் கரை கட்டிப் போகும், ஓடையைக் கூடியவரை நேர்குறுக்காகத் தாண்டும். பாதை முழுவதும் பலகையின் மட்டத்திலேயே இருந்தால் இது எதுவும் முடியாது. ஆங்காங்கே நிலம் பாதைக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்குத் தட்டையான மேசைப் பலகையைவிட, சட்டங்களின் மேல் தாங்கிகள் வைத்து, பாதைக்கு மட்டும் பலகை வெட்டிப் போடும் முறையே ஏற்றது.

பலகை ஓரத்துக்கு இணையாகப் பாதை போடுவதைத் தவிருங்கள். 3 மீட்டர் நீளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 60, 70 மி.மீ. வித்தியாசம் வரும்படி சாய்த்தாலே போதும், பலகையின் ஓரம் கண்ணில் படாது. நேர்ப்பாதைக்குப் பதிலாக 5, 6 மீட்டர் ஆரத்தில் மிக மெல்லிய வளைவு இன்னும் நன்றாக இருக்கும். ஒரே காட்சிக்குள் ஒரே ரயில் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் போன ரயில் சற்று நேரத்தில் பின்னால் அதே வயலில் எதிர்த்திசையில் போனால், அது எங்கும் போகவில்லை என்பது தெரிந்துவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகம் எச்.ஓ.வில் விநாடிக்கு 190 மி.மீ.. அந்த வேகத்தில் 3 மீட்டர் காட்சியைக் கடக்க 16 விநாடிதான் ஆகும். மிக நீண்ட ரயில் ஒரே நேரத்தில் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு நின்றால் காட்சி இன்னும் குறுகிவிடும். தெரியும் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குள் ரயிலின் நீளம் இருந்தால், அது எங்கிருந்தோ வந்து எங்கோ போகும்.

அந்த 'எங்கோ'வுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மேம்பாலத்துக்கோ திரைக்கோ பின்னால், ரயில்கள் காத்திருக்கும் ஃபிடில் யார்டு. மேலே சொன்ன ஸ்டேஷனுக்கு, ரயில் 860 மி.மீ. என்பதால், 1000 மி.மீ. நீளத்தில் பக்கவாட்டில் நகரும் மூன்று தடப் பலகை ஒன்று போதும். பாயிண்டே வேண்டாம். மொத்த நீளம் 3400 மி.மீ. மறைவான பாதையில் பாயிண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால், கை உள்ளே போய் வண்டியை எடுக்க வழி வையுங்கள். தடம் புரள்வது எப்போதும் எட்டாத இடத்தில்தான் நடக்கும்.

சிவப்பு பென்சில், நீல பென்சில்

வரைபடம் முடிந்ததும் இரண்டு தண்டவாளங்களையும் தனித்தனி நிறத்தில் தீட்டுங்கள், ஒன்று சிவப்பு, மற்றது நீலம். பாதையைத் தொடர்ந்து போகும்போது எங்காவது சிவப்பும் நீலமும் சந்தித்தால் அங்கே ஷார்ட் சர்க்யூட். ரயில் திரும்பி வந்த வழியிலேயே சேரும் வளையம், முக்கோணப் பாதை, முட்டை வட்டத்தின் குறுக்கே போகும் இணைப்பு, இந்த மூன்றிலும் இது கட்டாயம் வரும். டிஜிட்டல் சிக்னலால் இன்ஜினை இயக்கும் டி.சி.சி. முறையிலும் தப்ப முடியாது. ஒரு பகுதியை இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டித் தனியாக்கி, அதற்கு மின்திசை மாற்றும் சுவிட்சோ தானியங்கிக் கருவியோ கொடுக்க வேண்டும். அந்தப் பகுதி உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். இதைப் பலர் தண்டவாளம் ஒட்டிய பிறகு கண்டுபிடித்து, 400 மி.மீ. நீளம் மட்டுமே வெட்ட முடிந்து அவதிப்படுகிறார்கள். மற்றபடி ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு ஜோடி மின்கம்பி இறக்கத் திட்டமிடுங்கள். தண்டவாள இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால் சில மாதங்களில் இன்ஜின் தயங்கத் தொடங்கும்.

காகிதத்திலிருந்து பலகைக்கு

முதல் படத்தை 1:10 அளவில் கட்டக் காகிதத்தில் வரையுங்கள், அல்லது ஸ்கார்ம், எனிரெயில், எக்ஸ்ட்ராக்கேட் போன்ற மென்பொருளில். மென்பொருளின் நன்மை, அது பாயிண்டின் நீளத்தில் பொய் சொல்லாது. ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பாயிண்டுகளின் நிஜ அளவுக் காகித அச்சுகளைத் தயாரிப்பாளர்கள் இலவசமாகத் தருகிறார்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை நீக்கி, அச்சில் உள்ள அளவுகோலைச் சரிபாருங்கள். சுவர்க் காகிதச் சுருளின் பின்பக்கத்தைத் தரையில் விரித்து அச்சுகளை ஒட்டி, நடுக்கோடுகளை மரச்சட்டத்தால் இணையுங்கள். பலகைகள் சேரும் இடத்தையும் அடிச்சட்டங்களையும் அதே காகிதத்தில் குறியுங்கள். பாயிண்ட் எதுவும் பலகைச் சேர்க்கையின் மேல் வரக் கூடாது. பாயிண்ட் மோட்டார் பொருத்தும் இடத்துக்கு நேர் கீழே சட்டம் வந்தால் இப்போதே சட்டத்தை நகர்த்துங்கள். பிறகு அறுக்க நேரிட்டால் பலகை தளர்ந்துவிடும்.

அடுத்து, வண்டிகளை அதன் மேல் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அதே நீளத்தில் அட்டைத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலையை ஓட்டிப் பாருங்கள்: காலைப் பயணிகள் ரயில் வருகிறது, இன்ஜின் சுற்றுகிறது, சரக்கு வருகிறது, இரண்டு வேகன் விடுகிறது, ஒன்றை எடுக்கிறது. எந்த இடத்தில் அட்டை ஃபவுலிங் மார்க்கைத் தாண்டி நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். அநேகமாக இரண்டு மூன்று பாயிண்டுகளை 50, 100 மி.மீ. நகர்த்த வேண்டிவரும். ஒன்றிரண்டு சைடிங் தேவையே இல்லை என்றும் தெரியவரும்.

இந்த நிலையில் ஒரு வாரம் காகிதத்தைத் தரையிலேயே விட்டுவைத்து, வேறு வேறு ரயில் வரிசைகளை முயன்று பாருங்கள். எதுவும் முட்டவில்லை என்றதும் காகிதத்தைப் பலகையின் மேல் விரித்து, நடுக்கோடு நெடுக 50 மி.மீ.க்கு ஒரு குண்டூசித் துளை குத்துங்கள். பாயிண்டின் நாக்கு நகரும் இடத்தில் மட்டும் தடித்த துளை. காகிதத்தை எடுத்துவிட்டு, துளைகளைப் பென்சிலால் சேர்த்தால் தண்டவாளம் ஒட்ட வேண்டிய கோடு பலகையில் கிடைத்துவிடும். ஒட்டுவதை எப்போதும் பாயிண்டுகளில் தொடங்குங்கள். வளையும் தண்டவாளத்தை அவற்றுக்கு நடுவே நீளம் பார்த்து வெட்டிக்கொள்ளலாம், பாயிண்டை வெட்ட முடியாது. வளைவுக்கு நடுவே இணைப்பு வந்தால் இரண்டு துண்டுகளையும் நேராக வைத்துச் சால்டர் செய்த பிறகே வளையுங்கள், அப்போதுதான் இணைப்பில் மூலை விழாது.